கீழே இருப்பவர் கட்சி

பனிச்சறுக்குத் தளத்தில் ஹாரன் கிடையாது. லாரியின் முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதி, பின்னால் வருகிறவரிடம் சகல உரிமையையும் ஒப்படைத்துவிட்ட நமக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆல்ப்ஸில் எல்லாம் தலைகீழ். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகளின்படி, சரிவில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் பார்த்து விலக வேண்டும். முந்துகிறவர், முன்னால் போகிறவர் வேண்டுமென்றே செய்யும் அசைவுக்கும், தன்னையறியாமல் செய்யும் அசைவுக்கும் இடம் விட்டுத்தான் முந்தலாமாம்.

என் அசைவுகள் எல்லாமே இரண்டாம் ரகம். சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில், ஆரம்பக்காரர்களுக்கான நீலத் தடத்தில், என்னை முந்தாதவர்கள் கிடையாது. ஆகவே அந்த மலையில் சட்டப்படி என்னைவிடச் செல்வாக்கான ஆள் இல்லை. ஆஸ்திரிய, சுவிஸ் நீதிமன்றங்களும் விபத்து வழக்குகளில் இந்த விதிகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. யூட்டாவில் 2016-இல் நடிகை குவினெத் பால்ட்ரோவும் ஓய்வுபெற்ற ஒருவரும் மோதிக்கொண்டார்கள். 2023-இல் விசாரணை. வாழ்க்கை முழுக்க மேலே போகத் துடிக்கும் மனிதர்கள், நீதிமன்றத்தில் "நான்தான் கீழே இருந்தேன்" என்று மல்லுக்கட்டினார்கள். தவறு முழுக்க அந்த ஓய்வுபெற்றவருடையதே என்று ஜூரி முடிவு செய்தது. நஷ்ட ஈடு, நடிகை கேட்டபடியே, ஒரு டாலர்.

கீழே இருக்கும் ராஜாவுக்கும் கடமை உண்டு. குறுகலான இடத்திலோ, மேலிருந்து பார்த்தால் தெரியாத மேட்டுக்குக் கீழேயோ நிற்கக் கூடாது. விழுந்தால் சட்டென்று ஓரம் போய்விட வேண்டும். "மாமா, ஓரமா வாங்க!" என்று கூட வந்திருந்த மருமகன் கத்துவார். மனிதன் எழுந்தால்தானே வருவதற்கு? சறுக்குப் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, நமக்குக் கீழ்ப்பக்கமாக வைத்துக்கொண்டு எழ வேண்டும். கீழ்நோக்கி நீட்டியபடி எழுந்தால், எழுந்த கணமே அடுத்த பயணம் தொடங்கிவிடும்.

ஒருமுறை நான் மல்லாந்தபடி இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கையில், ஒரு சுவிஸ் பெரியவர் எனக்குச் சற்று மேலே தன் பலகைகளைப் பெருக்கல் குறிபோல் நட்டார். இங்கே விபத்து என்பதற்கான அடையாளம் அது. பிறகு, உதவி கட்டாயம் என்னும் ஒன்பதாம் விதிப்படி என் அருகிலேயே நின்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பவைப்பதற்குள், உண்மையிலேயே ஒரு காலை உடைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

அன்று மாலையே ஒரு மோதலும் நடந்தது. ஐந்து வயதிருக்கும், கையில் ஊன்றுகோல்கூட இல்லாத ஒரு பொடியன் பின்னாலிருந்து வந்து என்மீது ஏறினான். நான் கீழே, அவன் மேலே. பத்து விதிகளும் என் பக்கம். ஆனால் அழுதது அவன். மலையடிவார உணவகத்தில் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தது நான்.