ஒரே வயிறு, ஒரே பானைச் சோறு

1997 ஆகஸ்டில், பிரான்ஸின் ஆர்ல் நகரத்து ழான் கல்மான் 122 வருடமும் 164 நாளும் வாழ்ந்து இறந்த செய்தி பேப்பரில் வந்தது. வீரவநல்லூர் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. ஆலிவ் எண்ணெய்தான் காரணம் என்றார் அப்பா. நம்ம நல்லெண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு என்றாள் அத்தை. "நூறு தாண்டியும் சிகரெட் பிடிச்சிருக்காளே, அதுக்கு என்ன சொல்லுதிய?" என்று மாமா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு நேரே ஆச்சியிடம் போனது.

ஆச்சிக்கு அப்போது 88. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பாள். கம்பங்கஞ்சி, விளக்கு வைக்குமுன் சாப்பாடு, வெறுங்கால் நடை. அதனால்தான் இப்படி இருக்கிறாள் என்று திண்ணையில் முடிவானது.

அடுப்படி வாசலில் அவள் தங்கை, எங்கள் சின்னாச்சி, உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது இளையவள். சின்ன வயதிலேயே தாலி இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து, அக்காளோடு ஒரே பானைச் சோறு தின்றவள். நாலைந்து வருடமாக அவளுக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது. அதற்கும் காரணம் வைத்திருந்தோம்: பகலில் தூங்குவாள், எதையாவது நினைத்து மருகுவாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "யாருல நீ, எந்தூரு?" என்பாள். ஒரு நாள், "ஆச்சி மாதிரி ஒழுங்கா இருந்திருந்தா உனக்கு இப்படி ஆயிருக்குமா?" என்று கத்திவிட்டேன். எனக்கு 17 வயது. அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

எங்கள் திண்ணைப் பேச்சுக்கு மூன்று வருடம் முன்பே, 1994இல், கல்மானின் நாட்டிலேயே ஓர் ஆய்வு அச்சாகியிருந்தது. நூறு வயதை எட்டியவர்களின் மரபணுக்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்ட ஆய்வு. கல்லூரியில் உயிரியல் படிக்கும்போதுதான் அது என் கைக்கு வந்தது. ஏபிஓஈ என்று ஒரு மரபணு. உடம்புக்குள் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்றை உண்டாக்குவது. மனிதரிடம் அது முக்கியமாக மூன்று வடிவங்களில் இருக்கிறது: ஈ2, ஈ3, ஈ4. அந்தப் புரதத்தின் 299 கண்ணிகளில் இரண்டே இரண்டு இடத்தில்தான் மூன்றுக்கும் வேற்றுமை. ஆனால் ஈ4 இருந்தால் அல்சைமர் என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இதய நோய்க்கும் அப்படியே. நூறு வயதுக்காரர்களிடம் ஈ4 குறைவாகவும் ஈ2 கூடுதலாகவும் இருந்தது. ஈ4 உள்ளவர்களில் பலர் அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு விடுதி மாடியில் வெகுநேரம் நின்றிருந்தேன். சின்னாச்சியின் ரத்தத்தை யாரும் சோதித்ததில்லை. ஈ4 உள்ள எல்லோருக்கும் மறதி வருவதுமில்லை. ஆனாலும் ஒன்று உறைத்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களானாலும் அக்காளுக்கு வாய்த்தது அப்படியே தங்கைக்கு வாய்ப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் பொது. மீதிப் பாதியில் எது யாருக்கு என்பதை விரதமும் கஞ்சியும் தீர்மானிப்பதில்லை.

டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையரை வைத்துப் பார்த்தபோது, ஆயுள் வேற்றுமையில் ஏறக்குறைய கால் பங்குதான் மரபைச் சேர்ந்தது என்று தெரிந்தது. எண்பது, எண்பத்தைந்து வரை வாழ்க்கை முறைக்கு வலு அதிகம். அதனால் கஞ்சியை நான் தள்ளிவிடவில்லை. நூறை நெருங்க நெருங்கத்தான் மரபின் கை ஓங்குகிறது. அமெரிக்காவில் நூறு வயதுக்காரர்களின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களும் நூறைத் தொடும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சகோதரிகளுக்கு 8 மடங்கு, சகோதரர்களுக்கு 17 மடங்கு. கல்மானின் அண்ணனே 97 வரை இருந்தார்.

நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்யே வான் ஆன்டல்-ஸ்கிப்பர் என்ற அம்மாளை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழும். 82 வயதில் தன் உடம்பை மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதிக்கொடுத்தார். 111 ஆனதும், இனி இந்தக் கிழட்டு உடம்பு உங்களுக்குப் பயன்படுமா என்று தானே போன் செய்து கேட்டார். 2005இல் 115 வயதில் இறந்தபோது, அவர் மூளையில் அல்சைமரின் சுவடு அநேகமாக இல்லை. ரத்தத்தின் வெள்ளணுக்களோ பெரும்பாலும் இரண்டே இரண்டு தாய் அணுக்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. மற்றவை ஓய்ந்துபோயிருந்தன. மூளை தெளிவாக இருக்க, ரத்தம் ஊறும் ஊற்று வற்றியிருந்தது. ஒரே உடம்புக்குள்ளேயே இத்தனை வயது.

ஆச்சி 97 வயதில் போனாள், சின்னாச்சி 82 வயதில். போன தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சி படத்துக்கு மாலை போட்டு, கம்பங்கஞ்சிப் பெருமையை யாரோ ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய குடும்பப் படம். அதில் ஆச்சியின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவளைக் காட்டி, "இது யாருப்பா, எந்த ஊரு?" என்றாள் என் மகள்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சின்னாச்சியின் பேரிலிருந்து தொடங்கினேன்.