ஒன்பது கோடித் தரம் கேட்கப்பட்ட பூ

கி.பி. 921. உத்திரமேரூர் சபையார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாரியத்தில் உட்கார்ந்து எழுந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் நழுவியவன் பெயர் இனிமேல் குடவோலைக் குடத்துக்குள் விழக் கூடாது. அதோடு விட்டார்களா? சித்தி மகன், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மருமகன் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போய், சகலையையும் பிடித்துவிட்டார்கள். அத்தனையையும் கோயில் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். ஏரி வாரியத்தில் கை நனைத்தவர்கள், ‘அந்த ஃபைல் மழையில் நனைந்துவிட்டது’ என்று சொல்ல வழியே இல்லை.

பிறகு நமக்கு நாகரிகம் வந்தது. கணக்கு பீரோவுக்குள் போயிற்று; பீரோ சாவி ஹெட்கிளார்க்கின் இடுப்புக்குப் போயிற்று.

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றதும் பண்டிதர்கள் சிரித்தார்கள். உண்மையில் சிரித்திருக்க வேண்டிய இடம் வேறு. அதன் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவர்களும் எல்லாவற்றையும் நடுத்தெருவில் வைத்தே செய்தார்கள். ஒரு பொறியாளர் ஒரு சர்வரைத் தட்டி எழுப்புகிறார் என்றால், அரட்டை அறையில் ஒரு வரி அடிப்பார்; அது மணி நிமிடத்தோடு பொது ஏட்டில் ஏறிவிடும். 2011-இல் சர்வர்களின் அமைப்புக் கோப்புகளையே வெளியிட்டுவிட்டார்கள். கடவுச்சொல், வாசகர்களின் அந்தரங்கம் போன்றவற்றைத் தவிர மற்றதெல்லாம் திறந்த வீடு. திண்டுக்கல் பக்கத்துத் தாடிக்கொம்பில் வேலைவெட்டி இல்லாமல் இருக்கும் எவரும் இப்போதே போய், எந்தக் கணினி எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று வரைபடத்தில் பார்த்து வருத்தப்படலாம்.

மற்ற கம்பெனிகளில் தளம் படுத்தால், ‘சில பயனர்களுக்குச் சிறு தடங்கல்’ என்று ஒரு வரி வரும். அந்தச் சில பேர் பாதி உலகமாக இருப்பார்கள். இவர்களோ எது விழுந்தது, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை போட்டுவிடுவார்கள். ஆகவே விக்கி விழுந்து எழுந்த வரலாறு நமக்குச் சுத்தமாகக் கிடைக்கிறது. 2005 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் மின்சாரம் போய்த் தரவுத்தளங்கள் குழம்பின. 2010 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் வெக்கை தாங்காமல் சர்வர்கள் தாமாகப் படுத்துவிட்டன. சரி, கூட்டத்தை ஃபுளோரிடா பக்கம் திருப்பலாம் என்று போனால், திருப்பிவிடும் ஏற்பாடே மக்கர் பண்ணி உலகம் முழுக்க இருட்டு. 2012 ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு ஃபைபர் கேபிள்கள் அறுந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு வைத்திருந்தார்கள், பாவம்.

ஆனால் மகாப் பெரிய கூத்து 2009 ஜூன் 25. மைக்கேல் ஜாக்சன் இறந்துபோனார். உலகமே அவர் பக்கத்தைத் திறந்தது. அது பரவாயில்லை, சமைத்து வைத்த பிரதியை எடுத்து நீட்டினால் போதும். சனியன் என்னவென்றால், நூறு பேர் அதே பக்கத்தைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய பிரதி செல்லாததாகிவிடும். புதிதாகச் சமைக்க வேண்டும். ஏகப்பட்ட மேற்கோள் சுமக்கும் நீளமான கட்டுரை. வேக நேரம் பிடிக்கும். வேகும் முன்பே அடுத்து வந்தவருக்காக இன்னொரு கணினி, அவருக்குப் பின்னால் வந்தவருக்காக மற்றொன்று என்று எல்லாம் ஒரே பக்கத்தைச் சமைக்கக் கிளம்பின.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சொர்ண ஆகர்ஷண பைரவரைப் பார்க்க வரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ‘எனக்கென்று தனியாக, முதல் குடம் தண்ணீரிலிருந்து அபிஷேகம் பண்ணு’ என்று அடம்பிடித்தால் அர்ச்சகர் என்ன ஆவார்? கணினிகளும் அதேதான் ஆயின. தீர்வும் கோயில் தீர்வுதான். ஒருவர் மட்டும் அபிஷேகம் பண்ணுவார், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும். பொறுமை இல்லாதவருக்குக் காலையில் வைத்த பிரசாதம். ‘பூல்கவுண்டர்’ என்ற பெயரில் அதை எழுதி, அந்த நிரலையும் ஊரறியப் போட்டார்கள்.

தளத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிறகு நிமிர்த்தியவருக்கு அங்கே மெமோ கிடையாது. ‘விக்கிப்பீடியாவை உடைத்தேன், பிறகு சரிசெய்தேன்’ என்ற பொருளில் அச்சடித்த டி-ஷர்ட் கொடுக்கிறார்கள். நம் ஊர் அலுவலகத்தில் இதை அறிமுகம் செய்தால் உடைத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். சரிசெய்தவரைத் தேட வேண்டியிருக்கும்.

2018-இல் சிங்கப்பூரில் ஒரு கிளை திறந்தார்கள். தென்னாசியாக்காரர்கள் தட்டும் பக்கங்கள் இப்போது அங்கிருந்து வருகின்றன. 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. படங்களுக்காக வரும் கோரிக்கைகளில் சுமார் 20 சதவீதம் ஒரே ஒரு படத்துக்கு! நடிகை படமில்லை. ஊதா நிற ஆஸ்டர் பூ. நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடித் தரம், அத்தனையும் இந்திய இணைப்புகளிலிருந்து.

வேறு நிறுவனமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் போட்டிருப்பார்கள். இவர்கள் புகாரைப் பொதுவில் பதிந்தார்கள். இயந்திரக் கற்றல் பிரிவின் கிறிஸ் ஆல்பன் ட்விட்டரில் சொல்லிவிட, ஊரே துப்பறியக் கிளம்பிற்று. பழைய ஏட்டைப் புரட்டினால், பூவின் மவுசு 2020 ஜூனில் தொடங்கியிருக்கிறது. ஜூன் 29-இல் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது. மறுநாள் பூவுக்கு ஒன்றரைக் கோடி கோரிக்கை. டிக்டாக் போன துக்கத்தில் ஜனங்கள் வேறு செயலிகளைத் தேடி ஓடிய நேரம் அது. கடைசியில் ஆள் அகப்பட்டது. இங்கே பிரபலமான ஒரு மொபைல் செயலி, திறக்கும்போதெல்லாம் அந்தப் பூவைக் கேட்டு வாங்கியிருக்கிறது. வாங்கி யாருக்கும் காட்டவும் இல்லை. திண்டுக்கல் பஸ்ஸில் சீட்டுக் கிடைத்த மகிழ்ச்சியில் செல்லைத் திறந்த பையனுக்கு, சிங்கப்பூரிலிருந்து தனக்கொரு பூ வந்து போனது தெரியவே தெரியாது.

செயலியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு டி-ஷர்ட்டும் கிடையாது. தினம் ஒன்பது கோடித் தரம் அடித்தும் தளம் உடையவில்லையே.