டஸ்ட் நம்பர் ஒன்

சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கும் பலகைக்கு ஸ்கர்ட்டிங் என்று பெயர். அதில் படியும் தூசியை உறிஞ்ச, பலகையில் கீறல் விழாமல் மெத்தென்ற குஞ்சம் வைத்த ஒரு மூக்கு, வக்யூம் கிளீனருக்கென்றே தனியாகக் கிடைக்கிறது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் பூத் செய்த தூசி உறிஞ்சியைக் குதிரை பூட்டித்தான் தெருவில் இழுத்துவந்தார்கள். இன்று பலகைக்கே தனிக் காவல்.

இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை பங்களாக்களில் அந்தப் பலகை உண்டு. துடைக்க வாசல்கூட்டியும் உண்டு. பிறகு மூக்கு எதற்கு? தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே ஒரு பழைய காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சாணி மெழுகிய தரையாக இருந்தால் முதல் இழுப்பிலேயே தரை பைக்குள் போய்விடும். கூரை ஒழுகிச் சுவரே ஊறிக்கிடக்க, சுவரடிக்கு எங்கே பாதுகாப்பு?

அதுவுமில்லாமல், மலைநாட்டில் தூசியை யாரும் வீசுவதில்லை. தேயிலையைச் சலிக்கும்போது கடைசியாக விழும் பொடிக்கு டஸ்ட் என்றே பெயர் வைத்து, கொழும்பு ஏலத்தில் விற்கிறோம். கொழுந்து பறித்தவர் வீட்டுக் கேத்தலில் கொதிப்பதும் பெரும்பாலும் அதுதான்.