பரணிலிருந்து இறங்கிய யாஷிகாவின் மறுவிற்பனை மதிப்பு: ஒரு பன்முக ஆய்வு

பாயிரம்

பழைய ஃபிலிம் கேமரா என்ன விலைக்குப் போகும் என்று அதை வாங்கி விற்கிற கடைக்காரரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆய்வுலகம் இந்தக் குறுக்கு வழியை ஏற்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது வெறும் தகவல்; கேட்காமல் முந்நூறு பக்கம் எழுதினால் முனைவர் பட்டம். இக்கட்டுரை இரண்டாவது வழியில் செல்கிறது. இப்பொருளில் இதற்கு முன் யாரும் ஆய்வு செய்ததில்லை என்பதை முதலிலேயே பதிவுசெய்கிறோம். செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கவில்லை என்பதை, மரபையொட்டி, பதிவுசெய்யாமல் விடுகிறோம்.

ஆய்வுப்பொருள்: உடைந்த டேபிள் ஃபேனுக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் நடுவே கிடைத்த, தாத்தாவின் யாஷிகா மேட் 124 ஜி. ஆய்வு எல்லை: அந்தப் பரண். கருதுகோள்: இது லட்சக்கணக்கில் போகும் (காண்க: சின்ன மாமா, வாய்மொழி, கல்யாணப் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடையில்).

கட்டுரையின் சுருக்கம் முன்பே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டணம் கட்டி மூன்று நிமிடம் வாசிக்கப்பட்டது. கேமரா ஜப்பானில் செய்தது என்பதால் கருத்தரங்கு பன்னாட்டுத் தகுதி பெற்றது.

வகையியல்

பழைய கேமராக்கள் மூவகைப்படும்: லைக்கா, லைக்கா அல்லாதவை, லைக்காவாக நடிப்பவை.

முதல் வகை நம் பரண்களில் அரிது. ஆனால் எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. லைக்கா 1925-இல் சந்தைக்கு வருவதற்கு முன் சோதனைக்காகச் செய்த 0 வரிசைக் கேமராக்களில் எண் 105, அதை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக்கே கையில் வைத்திருந்தது. 2022-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நடந்த ஏலத்தில் அது 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. வீட்டில் பழைய கேமரா வைத்திருக்கும் எல்லோரும் இந்தச் செய்தியைப் படித்திருக்கிறார்கள். இதைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை.

மூன்றாம் வகை சோவியத் நாட்டில் பிறந்தது. கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான கம்யூன் ஒன்றில் 1934 முதல் லைக்காவைப் பார்த்துச் செய்த கேமரா ஃபெட். பின்னால் வந்த சோர்க்கியும் அதே ஜாடை. அவை நேர்மையாகத் தம் பெயரிலேயே வாழ்ந்தன. பிற்பாடு சிலர் அந்தப் பெயர்களைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, ஜெர்மன் விமானப்படை முத்திரையும் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் குட்டு உடைந்துவிடும். தூரமானியைத் தள்ளும் நுனியில் உருளும் சக்கரம் இருந்தால் லைக்கா. சப்பையான ஆப்புபோல் இருந்தால் சோவியத்காரர். போலிச் செப்பேடுகளைக் கண்டுபிடிக்கவும் இப்படி ஒரு சக்கரம் இருந்திருந்தால் பல அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடந்தே இருக்காது.

எஞ்சிய இரண்டாம் வகையை விரைந்து கடப்போம். அக்ஃபா கிளிக் 3: விலை சொன்னால் உறவு கெடும். ஜெனிட்: அதன் ஹீலியோஸ் லென்ஸுக்கு, பின்புலத்தைச் சுழலடிக்கும் என்பதற்காகவே, இன்றும் ஆள் உண்டு, உடம்பைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம். கேனன் ஏஇ-1: ஷட்டரை அழுத்தும்போது கீச்சென்று இருமினால் உள்ளே எண்ணெய் வற்றியிருக்கிறது, விலையும் வற்றும். பென்டாக்ஸ் கே1000: புகைப்படம் கற்கும் மாணவர்கள் உள்ளவரை விலைபோகும்.

காலவியல்

124 ஜி 1970-இல் வெளிவந்தது. 1986 வரை செய்தார்கள். இது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி, ஆகவே ஆய்வுக்கு உதவாது. சின்ன மாமா இதை வெள்ளைக்காரன் காலத்துப் பொருள் என்கிறார். நூலுக்கு ஆயிரம் ஆண்டு கூட்டித் தரும் பேராசிரியர்கள் உள்ள நாட்டில் கேமராவுக்கு முப்பது ஆண்டு கூட்டித் தர ஆளில்லாமலா போகும்? மேலும் 124 என்பது வரிசை எண் என்றும், 105-க்கு அவ்வளவு கொடுத்தவன் பத்தொன்பது எண் தள்ளி வந்ததற்குக் கொஞ்சம் குறைத்தாவது கொடுப்பான் என்றும் அவர் நிறுவுகிறார் (சின்ன மாமா, மேற்படி, பாயசத்தின்போது திருத்திய இரண்டாம் பதிப்பு). 120 ஃபிலிமில் 12 படமும் 220 ஃபிலிமில் 24 படமும் எடுக்கலாம் என்பதே இந்த எண்ணின் பொருள் என்று சித்தப்பா ஒரே வரியில் மறுத்தார். ஒரே வரியில் இருந்ததால் அம்மறுப்பை யாரும் பொருட்படுத்தவில்லை.

பொன்னியல்

இவ்வாய்வின் உயிர்நாடி இந்த இயல். கேமராவின் பெயரில் கடைசியாக நிற்கும் ஜி தங்கத்தைக் குறிக்கிறது. உள்ளே ஒளிமானியின் மின்தொடுப்புகளுக்குத் தங்க முலாம் பூசியிருப்பதாக யாஷிகா சொன்னது. துருப்பிடிக்காமல் மின்சாரம் ஒழுங்காகப் போகட்டும் என்பதற்காக. இச்செய்தி எப்போது குடும்பத்துக்குத் தெரியவந்ததோ அப்போதே கேமரா பரணிலிருந்து பீரோவுக்கு மாறியது. சாவி அத்தை இடுப்பில்.

இங்கிருந்து அறிஞர்கள் மூன்று பள்ளிகளாகப் பிரிகிறார்கள். தங்கவாதிகள், முலாம்வாதிகள், ஐயவாதிகள். சின்ன மாமா தலைமையிலான தங்கவாதிகள் கொள்கை: தங்கம் ஏற ஏற கேமராவும் ஏறும், ஆகவே இன்று விற்பவன் முட்டாள், நாளை விற்பவனும் அப்படியே. காலையில் செய்தித்தாள் வந்ததும் கிராம் விலையைப் பார்த்து அவர் கேமராவுக்கு விலை திருத்துகிறார். விலை இறங்கிய நாள்களில் செய்தித்தாள் வரவில்லை என்று கொள்கிறார்.

முலாம்வாதிகளின் வாதம் நுட்பமானது. பூச்சு கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. சுரண்டி எடுத்தால் நகக்கண்ணில் ஒட்டுவதற்கும் காணாது. சுரண்டினால் கேமரா போகும், கேமரா போனால் தங்கமும் தங்காது. இதற்குத் தங்கவாதிகளின் மறுப்பு: அப்படியானால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள் (காண்க: சின்ன மாமா, "செய்கூலி ஜப்பான்காரன் கட்டிவிட்டான்" என்னும் தலைப்பிலான சொற்பொழிவு, மொட்டைமாடி, மின்தடைக் காலத் தொகுதி; மாறுபட்ட கருத்துக்கு, அத்தை, அடுக்களையிலிருந்து ஒலித்தது, மிக்சி ஓடியதால் பாடம் சிதைந்துள்ளது; இருவரையும் மறுத்து, தாத்தா, இருமல் வடிவில், பதிப்பிக்கப்படாதது). ஐயவாதிகள், பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னதாக, அப்படியெதுவும் கண்ணில் படவில்லை என்கிறார்கள். உள்ளது இல்லாததுபோல் தோன்றுகிறதா, இல்லாதது உள்ளதுபோல் விற்கிறதா என்ற வினா இங்கே எழுகிறது. இதே வினாவை வேறு பெயரில் எழுப்பித் துறைத்தலைவர் ஆனவர்கள் உண்டு.

நகைக்கடையில் களஆய்வு மேற்கொள்ளப்பட்டது. கடைக்காரர் கேமராவைக் கையில் வாங்கவே இல்லை. 916 முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கேமராவின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யாஷிகா முத்திரைதான் இருக்கிறது என்றார் மாமா.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. அந்தத் தங்கத் தொடுப்பில் ஓடவேண்டிய மின்சாரம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியிலிருந்து வரவேண்டியது. பாதரசம் நஞ்சு என்று அந்த பேட்டரி செய்வதையே உலகம் நிறுத்திவிட்டது. ஆக இன்றைய நிலையில் இது பேருந்து நின்றுபோன ஊருக்குப் போட்ட தங்கச் சாலை. 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் அசையும், ஆனால் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட், அதுவே ஏறக்குறைய உண்மை சொல்லும். நல்வாய்ப்பாகத் தாத்தாவின் காதில் ஒன்று இருக்கிறது. வாங்க வருபவர் முன் அதைக் கழற்றிக் கேமராவில் போட்டால் ஒளிமானி வேலை செய்யும். கேமரா விலைபோகிற பேச்சும் தாத்தாவுக்கு எட்டாது என்பது இம்முறையின் துணைப்பயன்.

உறுப்பியல்

இதில் இரண்டு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு. படம் எடுப்பது கீழே உள்ள 80 மில்லிமீட்டர் யாஷினான். விற்பவர்கள் பளபளவென்று துடைத்துக் காட்டுவது பெரும்பாலும் மேல்கண்ணாடியை. கீழ்கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து சிலந்தி நூலாகப் பூஞ்சை படர்ந்திருப்பது தெரியும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று கண்ணாடிக்குச் செய்யும் உபசாரம் அது. நாள்பட விட்டால் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை. ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினால் ர்ர்ர் என்று ஓடி முடியவேண்டும். பாதியில் நின்று யோசித்தால் எண்ணெய் கெட்டியாகிவிட்டது. பின்கதவைத் திறந்தால் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு தார்போல உருகிக் கையில் ஒட்டும்; அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பேரத்தில் முகம் சுளிக்கப் பயன்படும். தோல் உறையைப் பற்றி இவ்வாய்வாளருக்கு நூற்றிருபது பக்கக் கருத்து இருக்கிறது; வாய்மொழித் தேர்வாளர் தடுத்ததால் இங்கே விடப்படுகிறது.

விலையியல்

விலை இருவகை: சொன்ன விலை, விற்ற விலை. வலையில் முதலில் கண்ணில் படுவது சொன்ன விலை. வானத்தளவு தொகை போட்டு வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும் கேமராவைக் காட்டி, அதே மாடல்தான் என்பது ஆதாரமாகாது. ஏலத் தளங்களில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பிரபஞ்சத்தில் விலை என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான். இதை மாமாவிடம் காட்டியபோது, விற்றவர்கள் எல்லாம் அவசரக்காரர்கள் என்றார். அதிலும் கடைக்காரர் விற்கும் விலை வேறு, நம்மிடம் வாங்கும் விலை வேறு; அவர் பழுதுபார்க்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், வாங்கியவன் திரும்பி வந்தால் முகம் கொடுக்க வேண்டும்.

தரச்சொற்களுக்கு உரை தேவைப்படுகிறது. மின்ட் என்றால் உறையிலிருந்து எடுக்காதது என்ப. நியர் மின்ட் என்றால் எடுத்தது. எக்ஸலென்ட் என்றால் தேறாது. பின்னால் ஐந்து கூட்டல் குறி போட்டால் தேறும். அன்டெஸ்டெட் என்பதற்கு 'சோதிக்கவில்லை' என்று பொருள் கூறுவர் ஒருசாரார். அற்றன்று, சோதித்தாகிவிட்டது, ஓடவில்லை என்பதே பொருள்.

புறனடை

இறுதியில் சித்தப்பா யாருக்கும் சொல்லாமல் கேமராவைப் பழைய கேமரா வாங்கும் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் மேல்மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். கிராங்கைச் சுற்றினார். காதருகே வைத்து ஒரு செகண்டை ஓடவிட்டார். கீழ்கண்ணாடிக்கு டார்ச் அடித்தார். "ஓரத்துல லேசா பங்கஸ் இருக்கு சார், எடுத்துடலாம்" என்று ஒரு தொகை சொன்னார். லட்சம் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. தங்கத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பிறகு, "இரட்டை மூடி ஒண்ணு வருமே, இருக்கா? அதோட தந்தா இன்னும் கொஞ்சம் போட்டுத் தரேன்" என்றார்.

மூடி இருக்கிறது. இரண்டு லென்ஸையும் சேர்த்து மூட எட்டு வடிவில் செய்த மூடி. பூசையறையில் ஒரு குழியில் விபூதியும் மறு குழியில் குங்குமமுமாகப் பல ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறது. அத்தை தரமாட்டேன் என்றுவிட்டார். அதற்குத் தனியாக என்ன விலை வரும் என்று சின்ன மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.