கொள்ளுத் தண்ணியக் கீழ ஊத்தாத சாமி

ஏஞ்சாமி, உன்னைய நெனைச்சா இந்த அப்புச்சிக்கு நெம்பப் பெருமை. அந்தக் காலத்துப் பட்டக்காரர் ஊட்டுல கூட இத்தனை சமையக்காரன் இருந்துருக்க மாட்டான். கோயமுத்தூருல உனக்கு ஒரு ஊரே நின்னு சமைச்சுப் போடுது. காத்தால ஒருத்தன் இட்லி அவிச்சுத் தர்றான், மத்தியானம் இன்னொருத்தன் பிரியாணி, ராத்திரிக்கு வேற எவனோ பரோட்டா. கொண்டாந்து வாசல்ல குடுக்கறதுக்கு வண்டில ஒரு பையன். ராசாவுக்கே எட்டாத காரியம். என்ன, ராசாவுக்குச் சமைக்கறவனுக்கு ராசாவோட நாக்கு தெரியும். உன்ற சமையக்காரனுக்கு உன்ற மொகமே தெரியாது.

கோவிச்சுக்காத. வயசான மனுசன் சித்த பழமை பேசறேன், கேட்டுக்க. அம்மிணி, நீயும் அந்தப் போனை அக்கட்ட வெச்சுட்டு இப்படி வந்து உக்காரு.

போன நோம்பிக்கு வந்தப்ப ஒரு பில்லைப் படிச்சுக் காட்டுனயே, அது எனக்கு இன்னும் மறக்கலை. பிரியாணி 250 ரூவா, சரி. அதைக் கட்டற டப்பாவுக்குக் காசு, சரி. கொண்டாரதுக்குக் காசு, அதும் சரி, அந்தப் பையனும் பொழைக்கோணும். அப்பறம் பிளாட்பாரக் கட்டணம்னு ஒண்ணு படிச்ச. எந்த ரயிலுடா நிக்குதுன்னு கேட்டேன், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அதுக்கும் கீழ, மழை பேஞ்சதுனால கொஞ்சம் எச்சா. மானாவாரிக் காட்டுல வளந்தவன் நானு. மழை பேஞ்சதுக்குக் காசு வாங்கலாம்னு இத்தனை வருசமா எனக்குத் தோணவே இல்ல பாரு. எல்லாத்துக்கும் மேல சர்க்காருக்கு 5 சதவீதம்.

'அதான் அப்புச்சி, இப்பெல்லாம் ஞாயித்துக்கெழமை நானே சமைக்கறேன்'ங்கற. பாத்தேனே உன்ற சமையலை! ஒரு மத்தியானச் சோத்துக்கு ரெண்டு பை சாமான் வந்து எறங்குது. அட்டாலி பூராம் குட்டிக் குட்டி பாட்டலு. ஒண்ணுல காஞ்ச தழை, ஒண்ணுல கருப்பா ஏதோ சாறு, ஒண்ணுல என்னான்னு உனக்கே தெரியலை. ஒருக்கா ஒரு கரண்டி எடுக்கறது, அப்பறம் அது காலாவதி ஆகற வரைக்கும் பிரிட்ஜுல வாடகையில்லாமக் குடியிருக்கறது. அந்த ஒரு வேளைச் சோத்துக்கு நீ செலவு பண்ணுன காசுல ஓட்டல்காரனையே ஊட்டுக்குக் கூட்டியாந்து உக்கார வெச்சுச் சோறு போட்டுருக்கலாம். ஊட்டுல சமைச்சாச் சிக்கனம்னு எவன் சொன்னான்? ஊட்டுல சமைச்சே ஒழிஞ்சு போனவனை நான் பாத்துருக்கறேன்.

அம்மிணி, நீ சிரிக்காத. உன்ற கதையும் இருக்குது. பொள்ளாச்சிக்கு அக்கட்ட, தென்னந்தோப்புக்கு நடுவுல பொண்ணெடுத்தோம். பொண்ணு வந்து தேங்காப் பாலை அட்டை டப்பாவுல வாங்குது. உங்கப்பனுக்குத் தெரியுமா? தெரிஞ்சா மரத்து மேல ஏறுனவரு எறங்க மாட்டாரு.

உன்ற அமுச்சி கொள்ளு வேகவெக்கறதை நீ நின்னு பாத்ததில்ல சாமி. நீ அப்பப் பம்பரத்தோட திரிஞ்சுட்டு இருந்த. ராத்திரியே கல்லுப் பொறுக்கி, ரெண்டு தண்ணி கழுவி ஊற வெச்சுருவா. ஊறுன கொள்ளு மளார்னு வெந்துரும், வெறகு மிச்சம். கேஸுக்கும் அதே கணக்குதான். வெந்ததை ஒண்ணு எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல நசுக்குனா அப்படியே நசுங்கோணும். அப்ப வடிச்சு எடுக்கற தண்ணி இருக்குது பாரு, செவந்து, லேசாக் கொழகொழன்னு, முத மழை பேஞ்ச காட்டு வாசத்தோட, அதைத்தான் நீ போன வாரம் தொட்டியில ஊத்திட்டு நின்ன. அதுதான்டா ரசம்! கொஞ்சம் புளியக் கரைச்சு ஊத்தி, மொளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நொரை கட்டறப்ப எறக்கிரோணும். தளதளன்னு கொதிக்க உட்டா அது ரசமில்ல, கசாயம்.

வடிச்ச கொள்ளு வேற சமையலுக்கு. வரமொளகா, கொத்தமல்லி வெதை, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாத்தையும் வதக்கிப் போட்டு மண்சட்டில மத்தால கடையறது. நைஸா அரைச்சுராத, பாதிக் கொள்ளு பல்லுல சிக்கோணும். சுடுசோத்துல ஒரு குழி பண்ணி, அதுல இந்தப் பருப்பு, மேல ஒரு கரண்டி நல்லெண்ணெய். மறுசோத்துக்கு அந்த ரசம். மிஞ்சுனது ராத்திரி ராயிக் களிக்குத் தொட்டுக்க. கால் கிலோ கொள்ளுல நாலு பேரு ரெண்டு வேளை சாப்புடலாம், இன்னைக்கு வெலைக்கும் அது நீ திங்கற ஒரு செட்டுப் பரோட்டாக் காசு வராது. அமுச்சி காங்கேயங் காளைக்கு வேகவெக்கற மொடாவுலயே எங்களுக்கும் ஒரு பங்கு எடுப்பா. 'இந்த ஊட்டுல காளைதான் நமக்குச் சோறு போடுது'ன்னு ஒரு நாள் எகத்தாளமாச் சொல்லிப்போட்டேன். 'வெந்தது நானு, பேரு மாட்டுக்கா'ன்னு கேட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குப் பருப்புல எண்ணெய் உழுகலை.

சோத்தைத் தட்டுல வெச்சுட்டு எந்திரிக்கறயே, அதைப் பத்தியும் ஒண்ணு சொல்றேன். காளிங்கராயன் வாய்க்காப் பக்கத்துக்காரங்களுக்கு முந்தியே நெல்லு. எங்க மேட்டாங்காட்டுக்கு 1955ல பவானிசாகர் அணையக் கட்டி முடிச்சு, கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உட்ட பொறவுதான். 2 லட்சம் ஏக்கருக்கு மேல பாயற வாய்க்கா அது. அதுக்கு முந்தி கம்பு, ராயி, சோளம். நெல்லுச் சோறு நோம்பிக்கும் ஒறம்பரைக்கும்தான். பசங்கெல்லாம் இட்டேறில போயி நின்னு, மாமன் எப்ப வருவாருன்னு பாத்துட்டே இருப்போம். மாமன் மேல அத்தனை பாசம்னு எங்காத்தா நெனைச்சுக்குவா. அவரு வந்தா அரிசி உலையில உழுகும், அவ்வளவுதான் பாசம். 1967ல ரூவாய்க்கு மூணு படி அரிசின்னு சொல்லி ஒரு கச்சி ஆட்சிக்கே வந்துச்சு. அரிசிக்காக ஆட்சி மாறுன நாட்டுல பொறந்துட்டு, நீ பாதித் தட்டை மூடி வெச்சுட்டு 'டயட்டு'ங்கற. டயட்டுன்னா மொதல்லயே கொறைச்சுப் போட்டுக்க வேண்டியதுதான?

ஒறம்பரைன்னதும் இன்னொண்ணு நெனைப்புக்கு வருது. சோறாக்கி முடிச்சு, நாங்க சாப்புட்டு, போசியக் கழுவிக் கவுத்துன பொறவு அஞ்சு பேரு வந்து வாசல்ல நிப்பாங்க. அமுச்சி மொகம் சுண்டாது. சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு உள்ள போவா. அரிசி, அதுல கொஞ்சம் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், எல்லாம் ஒரே போசில. அரிசிம்பருப்புச் சோறு. கொழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், ரசம் வேண்டாம். நெய்யி ஒரு சொட்டு, தயிரு, ஊறுகா. வந்தவிய ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்புட்டுப்போட்டு, ஊருக்குப் போயி, 'அவிய ஊட்டு அரிசிம்பருப்பாட்ட எங்கயும் வராது'ன்னு பத்துப் பேத்துகிட்டச் சொல்லுவாங்க. மூணு சட்டிச் சமையலை அவ மிச்சம் புடிச்சுப்போட்டா, அது ஒருத்தருக்குந் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்குப் பேரு கஞ்சத்தனம்.

அந்தக் கஞ்சத்தனத்தையும் பாத்துருக்கறேன். மேக்கால தோட்டத்துல ஒருத்தரு இருந்தாரு. கொழம்புக்கு வெங்காயத்தை எண்ணித்தான் குடுப்பாரு. எண்ணெய்ச் செம்புல சாக்பீஸுல கோடு போட்டு வெச்சுருப்பாரு. அந்த அம்மா தண்ணியா ஒரு கொழம்பு காச்சி அவருக்கு ஊத்திப்போட்டு, 'சித்த வெறகு பொறுக்கிட்டு வர்றேன்'னு நம்மூட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுப் போகும். கடைசி வரைக்கும் அவருக்குத் தன்ற ஊட்டுல சிக்கனம் நடக்குதுன்னு நெனைப்பு. நடந்தது எங்க ஊட்டுச் செலவுல.

உன்ற அமுச்சி கணக்கு வேற மாதிரி. அவ வெங்காயத்தை எண்ணலை, வாயை எண்ணுனா. கத்தரிக்காக் கொழம்புல கெடக்கற காம்பு உங்க பெரிய மாமனுக்கு, அதைச் சப்பிச் சப்பித் திங்கறது அவனுக்குப் பிரியம். முழுப் பூண்டு எனக்கு. போசி அடியில புடிச்ச காந்தலைச் சொரண்டி, ரெண்டு சொட்டு எண்ணெய் ஊத்தி உருட்டி வெச்சா, அது உங்கம்மாளுக்கு. அவ பள்ளிக்கூடத்துல இருந்து ஓடியாந்து அதுக்குத்தான் மொதல்ல கைய நீட்டுவா. மோரு கடைஞ்ச தண்ணி சின்ன மாமனுக்கு. சோறு வடிச்ச கஞ்சி, உப்புப் போட்டு, வேலைக்கு வர்ற ஆளுக்கு. பூசணிக்காத் தோலு மாட்டுக்கு. ராத்திரி படுக்கப் போறப்ப எந்தச் சட்டிலயும் ஒண்ணும் இருக்காது. மிச்சமாவுமில்ல, வீணாவுமில்ல. எல்லாத்துக்கும் ஒரு வாயி இருந்துச்சு, எந்த வாய்க்கு எதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுருந்துச்சு.

இப்ப உன்னைய ஒண்ணு கேக்கறேன், சாமி. இந்த அம்மிணிக்குத் தோசை மெத்துனு வேணுமா, மொறுமொறுன்னு வேணுமா? பாரு, யோசிக்கற. கல்யாணமாகி ரெண்டு தீவாளி போயிருச்சு. அந்தப் போனைக் கேட்டா அதுக்குத் தெரிஞ்சுருக்கும், போன மாசம் என்ன கேட்டா, அதுக்கு முந்தின மாசம் என்ன கேட்டான்னு அது எழுதி வெச்சுருக்குது. நீ சமையல் கத்துக்கறதுன்னா அந்தத் தோசையில இருந்து ஆரம்பி. நாலு சமையல் தெரிஞ்சாப் போதும்: ஒரு கொள்ளு, ஒரு அரிசிம்பருப்பு, ஒரு பச்சைப்பயறு கடைசல், சளி புடிச்சாக் குடிக்க ஒரு மொளகு ரசம். அஞ்சாவதை வேணும்னா அவகிட்டக் கத்துக்க. அவ ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுவா, நம்பாத.

சந்தைக்குப் போறதுக்கும் ஒரு நேரங்காலம் இருக்குது. கலைஞரு 1999ல மதுரையில மொதல்ல உழவர் சந்தையத் தொறந்தாரு, அப்பறம் உன்ற ஊருக்கும் வந்துருச்சு. கீரை வேணும்னா வெடியால போ. தக்காளி வேணும்னா அவிய மூட்டை கட்டற நேரத்துல போ. திரும்பிச் சொமந்துட்டுப் போகோணுமேன்னு வெலையக் கொறைச்சுக் குடுப்பாங்க. ஆனா ஒண்ணு, அதுக்கு மேல பேரம் பேசாத. பெரிய கடையில ஏசிக்குக் கீழ நின்னு ஒட்டுன வெலையக் குடுத்துட்டு வர்ற நீ, கீரைக்காரம்மாகிட்ட ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டுனா எனக்குக் கோவம் வரும். புளி சித்திரைக்கு முந்தி வாங்கிக் கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டுப் பானையில அமுக்கி வெய்யி, வருசம் பூராத் தாங்கும். துவரை செம்மண்ணு கட்டுனதா வாங்கு, வண்டு உழுகாது. சின்ன வெங்காயம் வெலை எறங்குறப்பத் தாளோட வாங்கிக் காத்தாடக் கட்டித் தொங்க உடு. பிளாட்டு வாசல்ல வெங்காயம் தொங்குனாப் பக்கத்து ஊட்டுக்காரன் என்ன நெனைப்பான்னு பாக்கறயா? வெங்காயம் வெலை ஏறுனதும் அவன்தான் மொதல்ல வந்து கதவைத் தட்டுவான்.

இந்தப் பழைய சோத்துக்கும் இப்ப நல்ல காலம் பொறந்துருக்குது போலிருக்குது. மெட்ராசுல ஸ்டான்லி ஆசுபத்திரில டாக்டருக உக்காந்து பழைய சோத்தை ஆராய்ச்சி பண்றாங்கன்னு பேப்பருல போட்டிருந்தான். கொடலுக்கு நல்லதாமா. நல்லது. உன்ற அமுச்சி இருந்திருந்தா, 'அவிய ஊட்டுலயும் சோறு மிஞ்சுதாட்ட இருக்குது'ன்னுருப்பா. நீ அதையும் புட்டியில அடைச்சு ஒருத்தன் விக்கட்டும்னு காத்துட்டு இருக்காத. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தறதுக்கு ஒரு கை போதும்.

சரி, வெய்யல் தாழ்ந்துருச்சு, பொறப்படுங்க. கடலை ஆட்டி வெச்சுருக்கறேன், செக்கெண்ணெய் நாலு லிட்டரு உனக்குன்னு தனியா இருக்குது. கொண்டு போறதுக்கு ஏனம் கொண்டாந்தயா? இல்லயா? அப்ப அடுத்த தடவை வர்றப்பக் காலிக் கேனு ஒண்ணைக் கழுவிக் காயவெச்சுக் கொண்டா. புதுசு வாங்கிட்டு வந்தீனு வெய்யி, எண்ணெய்க்கும் காசு வாங்கிருவேன், செக்கடி பிளாட்பாரத்துக்கும் சேத்து.