மீசையைப் பாரு பேராண்டி

வாப்பா பேராண்டி, இப்படி உக்காரு. விளக்கடியில விழுந்த ஒத்த வண்டை நாப்பது படம் எடுத்திருக்கியாமே? கல்யாணப் பொண்ணைக்கூட இம்புட்டு எடுக்க மாட்டாக. போனு அதைப் பார்த்துட்டு ‘பாட்டோசெரா ரூபஸ்’னு சொல்லிருச்சாம், நீயும் தலையாட்டிட்டே. நேத்து இதே வண்டை ‘பாட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா’ன்னு சொன்னது யாரு, உன் பாட்டியா?

ரெண்டுமே மாமரத்தைக் குடையிற சாதிதான். நீள்கொம்பு வண்டுக உலகத்துல 35,000 வகைக்கு மேல இருக்கு. அதுல ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி இருக்கிற ரெண்டை, மசங்கலான படத்தை வச்சுப் பிரிக்கப் போறியாக்கும். பக்கத்து வீட்டு ரெட்டைப் பயலுகளையே நீ இன்னும் மாத்தித்தான் கூப்பிடுறே.

பொதுவா ரூபஸுக்கு முதுகு ஓட்டுல வெள்ளைப் புள்ளி, மத்ததுக்கு மஞ்சளோ செம்மஞ்சளோ. பேருக்கே ‘செம்புள்ளிக்காரன்’னுதான் அர்த்தம். 1775ல ஸ்வீடன்காரர் டி கீர் வச்ச பேரு. ரூபஸுக்கு அவருக்கு முந்தியே 1758ல லின்னேயஸ் பேர் வச்சுட்டார், அவரும் அதே ஊரு. மாந்தோப்பே இல்லாத சீமைக்காரங்க பேரு வச்சாக, தோப்புக்கார நீ முழிக்கிறே.

சங்கதி என்னன்னா, அந்தப் புள்ளி சாயம் இல்லப்பா. பொடிப்பொடி மயிரு. வண்டு செத்து நாளானா நிறம் வெளுத்துப்போகும், கிழடானா தேய்ஞ்சு உதிர்ந்துபோகும். என் தலையை இன்னைக்குப் படம் எடுத்து, ‘இந்தாளு பொறந்ததுல இருந்தே மொட்டை’ன்னு எழுதிருவியா? அதுக்கு மேல நீ போட்ட டார்ச் வெளிச்சத்துல மஞ்சளும் வெள்ளையாத்தான் தெரியும்.

போன மாசம் நீ பெருசா ஒண்ணு, சின்னதா ஒண்ணு காட்டி, ரெண்டும் வேற இனம்னு சத்தியம் பண்ணினே. மீசையை, அதான் அந்த நீளக் கொம்பைப் பார்த்தியா? உடம்பையும் நல்லாவே தாண்டிப் போனா ஆம்பளை. ஆக, நீ புது இனம் கண்டுபிடிக்கல, புருஷன் பொஞ்சாதியைப் பிரிச்சு வச்சே. புழுவா இருந்தப்ப மரத்துக்குள்ள தீனி பத்தலைன்னா வண்டும் சிறுத்துத்தான் வரும். அதனால உருவத்தை வச்சுப் பேர் சொல்லாதே.

தெரிஞ்சவுக முதுகை மட்டுமா பார்க்கிறாக? தோள்பட்டையில கரும்பரு எதுவரைக்கும் ஓடுது, ஓட்டு நுனி வெட்டுப்பட்டிருக்கா உருண்டிருக்கா, மீசைக்கு அடியில முள்ளு எப்படின்னு பார்ப்பாக. உன் நாப்பது படத்துல முப்பத்தெட்டு நேர் மேலருந்து எடுத்தது, மிச்சம் ரெண்டுல உன் கட்டைவிரல். பக்கவாட்டுல எடு, முகத்தை எடு, பக்கத்துல அஞ்சு ரூபா காசு ஒண்ணு வையி. எந்த மரத்துல கிடைச்சதுன்னு எழுதி வையி. கையில பிடிச்சா கிறீச்னு கத்தும், பயந்து போனைப் போட்டுறாதே. கடிக்கவும் செய்யும், ஆனா அது உன் விரலு.

அம்புட்டும் பண்ணியும் பிடிபடலைன்னா, ‘பாட்டோசெரா, அதுக்கு மேல தெரியலை’ன்னு எழுது. அப்படி எழுதுறவன்கிட்டதான் நான் அடுத்த தடவையும் வண்டு காட்டுவேன்.

சரி சரி, போனை மடியில கட்டு. நீ பேர் தேடிட்டு இருந்த நேரத்துல கல்லாமை மாமரத்து அடியில மரத்தூள் கொட்டிக் கிடக்கு பாரு. உள்ள இருக்கிறது ரெண்டுல எதோட புழுவோ, அந்தக் கம்பிக் கொக்கியை எடுத்துட்டு வா.