கடலே காம்பவுண்டு சுவர்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் நாயுடுபேட்டைக்காரர்கள் நாங்கள் மொட்டைமாடிக்கு ஓடி அண்ணாந்து பார்ப்போம். கடலுக்கு அந்தப் பக்கம் போர்ட் பிளேரில் இஸ்ரோவின் கண்காணிப்பு நிலையமும் ராக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, தப்பிப் போகிறவர்களைக் கண்காணிப்பதில் அந்த ஊருக்கு 1858-லிருந்து சர்வீஸ். ரிசல்ட் மட்டும் கேட்காதீர்கள்.

அந்த வருஷம் மார்ச் 10-ம் தேதி டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு அந்தமானில் வந்திறங்கினார். ஆக்ரா ஜெயிலை நடத்திப் பழகிய மனுஷர். சரி, இங்கே ஜெயில் எங்கே? அதுதான் இல்லை! சுற்றிலும் கடல் இருக்கும்போது காம்பவுண்டு சுவர் தண்டச்செலவு இல்லையா? கைதிகளே காட்டை வெட்டி, தங்களை அடைக்கும் இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பார்சலைப் பிரித்து நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்கிற ஃபர்னிச்சர் கம்பெனிகளுக்கெல்லாம் பாட்டன்.

கைதிகளும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். காட்டுக்குள் நேரே நடந்தால் பர்மா வந்துவிடும்! கூகுள் மேப் இல்லாத காலம், பாவம், நடந்தார்கள். வந்தது கடல். பிடிபட்டவர்களில் 80 பேருக்கு மேல் வாக்கர் தூக்கில் போட்டார். இந்த இடத்தில் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. கல்கத்தா மேலிடமே மிரண்டுபோய், இனிமேல் தூக்கு வேண்டாம் என்று ஆர்டர் போட்டது.

ஓடியவர்களில் தூத்நாத் திவாரி என்றொரு சிப்பாய். கூட வந்தவர்கள் அம்புக்குப் பலியாக, இவரை மட்டும் அந்தமான் பழங்குடிகள் விட்டுவைத்தார்கள். பெண்ணும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் மாப்பிள்ளை விருந்து. 1859 மே மாதம் ஐயா திடீரென்று வெள்ளைக்காரன் முகாமில் ஆஜர்: ‘துரை, எங்க வீட்டு ஆளுங்க உங்களை அடிக்க வர்றாங்க!’ கர்ப்பிணி மனைவியைக் காட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஓடிப் பிடிபட்டவனுக்குத் தூக்கு. ஓடி, கல்யாணம் பண்ணி, மாமனார் வீட்டையும் காட்டிக்கொடுத்தவனுக்கு மன்னிப்பும் விடுதலையும்!

1872-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். நாள் முழுக்கப் பார்த்தும் ஆசை தீரவில்லை. மவுண்ட் ஹேரியட்டில் சூரிய அஸ்தமனத்தையும் பார்த்தே தீருவேன் என்று ஏறினார். பார்த்தார். இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. பந்தமும் பாதுகாவலும் சூழ படகுத்துறைக்கு வந்தவரைக் கத்தியால் குத்தியவர் ஷேர் அலி அஃப்ரிதி. நன்னடத்தைக்காக நாவிதர் வேலை கொடுக்கப்பட்ட கைதி.

1890-ல் லயல், லெத்பிரிட்ஜ் என்று இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்கள். ஊரில் ‘தீவாந்திர சிட்சை’ என்றாலே குலை நடுங்கும் என்பது சர்க்கார் நினைப்பு. இவர்கள் கண்டுபிடித்ததோ, உள்ளூர் ஜெயிலுக்கு அந்தமானே தேவலை என்று கைதிகள் நினைக்கிறார்கள் என்பதை! மானம் போச்சே! போன பயத்தை மீட்கத்தான் 1896-ல் செல்லுலார் ஜெயிலுக்குக் கடைக்கால் தோண்டினார்கள். ஏழு சிறகு, ஏறத்தாழ 700 அறை, ஆளுக்கொரு அறை. பத்து வருஷ வேலை. கொத்து வேலைக்கு ஆள்? வேறு யார், கைதிகள்தான். செங்கல்? பர்மாவிலிருந்து. கைதிகள் நடந்தே போய்ச் சேர நினைத்த ஊரிலிருந்து செங்கல் மட்டும் சொகுசாகக் கப்பலில் வந்து இறங்கியது.

அந்தக் கட்டடத்தின் ஜெயிலர் டேவிட் பாரி, போர்ட் பிளேருக்குக் கடவுள் தானேதான் என்று கைதிகளிடம் சொல்லிக்கொண்டவர். அவர் அயர்லாந்துக்காரர். அவர் ஊரையும் அதே இங்கிலீஷ்காரன்தான் ஆண்டுகொண்டிருந்தான் என்பதைக் கடவுளுக்கு யாரும் ஞாபகப்படுத்தியதாகத் தெரியவில்லை.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். ஜெயில் கை மாறியது. இன்று ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம், அதையும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். மீதி வளாகத்தில் 1963-லிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கேயும் வார்டு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக்கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள்.